வெட்டாமல் ஓட்டிய வீடியோ குறித்துச் சம்பந்தி அவர்களுக்கு

தூத்துக்குடி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

பேரன்பும் பெருமதிப்பும் ஒருங்கே உரித்தான சம்பந்தி, உடன்குடி கருப்பட்டி மொத்த வணிகர் திரு. சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி அவர்களுக்கு, தூத்துக்குடி வழக்கறிஞர் செந்தூர்வேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் என் மனைவி முருகேஸ்வரியும் உடலளவில் நலமாக இருக்கிறோம். உடலளவில் என்ற சொல்லைத் தெரிந்தேதான் இட்டிருக்கிறேன். அவ்விடம் தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளை இசக்கிராஜாவும் எல்லா அளவிலும் நலமாக இருக்கத் திருச்செந்தூரான் துணை நிற்பானாக.

இக்கடிதத்தின் முதல் வரியாக, “எனது உரிமைகளுக்கும் நிலைப்பாட்டுக்கும் எவ்விதப் பங்கமுமின்றி எழுதப்படுவது” என்று எழுதியிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்த என் மனைவி, “ஏங்க, சம்பந்திக்குக் கடுதாசி எழுதுதீங்களா, சம்மன் அனுப்புதீங்களா?” என்று கேட்டாள். எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை. ஆகவே அந்த வரியை இங்கே மேற்கோளாக இடம் மாற்றியிருக்கிறேன். அதன் பொருள் எதுவாயினும் தாங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் உமாராணிக்கும் தங்கள் மகனுக்கும் நடந்த நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றிய பின்னும் பந்திக்கு முன்னும், மண்டபத்துத் திரையில் நான் காட்டிய பவர்பாயிண்ட் குறித்து விளக்கம் அளிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். அன்று தாங்கள் சொல்லிக்கொள்ளாமல் ஊர் திரும்பியதையும், அதன்பின் நான் செய்த தொலைபேசி அழைப்புகளை எடுக்காததையும் நான் குறையாகக் கூறவில்லை. தங்கள் இடத்தில் நான் இருந்தால் எடுத்திருக்க மாட்டேன். ஆயினும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருக்கிறோம். பத்திரிகை அச்சடிப்பவர் மாதிரியை அனுப்பிவிட்டு, “ஓட்டிரலாமா சார்?” என்று தினமும் கேட்கிறார். நான் தினமும் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறேன். அதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். பெண் வீட்டாரைப் பற்றி நாலு படமும் கொஞ்சம் பாட்டும் போட்டு ஒரு ஸ்லைடு காட்டினால் தங்கள் சொந்தக்காரர்களும் தெரிந்துகொள்வார்கள் என்று தாங்கள் சொன்னபோது, அதை ஸ்டுடியோக்காரர்களிடம் கொடுக்கலாம் என்றுதான் என் மனைவி சொன்னாள். நான் மறுத்தேன். அவர்கள் முகத்தை வெளுப்பாக்குவார்கள், ஓரத்தில் நிற்பவரை வெட்டிவிடுவார்கள், இல்லாத பூவைச் சேர்ப்பார்கள். துறைமுகத்தில் நனைந்த சரக்குக்கு நஷ்டஈடு கேட்கும் வழக்குகளையே பெரும்பாலும் நடத்தி வருபவன் நான். புகைப்படத்தின் ஓரத்தை ஒரு நூல் வெட்டினாலும் எதிர்த்தரப்பு எழுந்துவிடும் என்பதை அறிவேன். ஆகவே என் அலுவலகக் கணினியில் நானே உட்கார்ந்து, என் குமாஸ்தா தங்கதுரையின் துணையோடு அதைத் தயாரித்தேன். தங்கதுரைக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் இருந்த அறிவு சமமானது. அந்த அளவை இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

முதலில் படங்கள். என் வழக்கப்படி ஒவ்வொரு படத்துக்கும் சான்று 1, சான்று 2 என்று பெயரிட்டேன். கீழே இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்களை எழுதினேன். உமாவின் முதல் பிறந்தநாள் படத்தில் நான்காவதாக நிற்பவர் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே “அடையாளம் காணப்படாத ஆண் நபர், கேக் உண்கிறார்” என்று உள்ளதை உள்ளபடி குறித்தேன். தங்கள் உறவினர்கள் அதைச் சத்தமாக வாசித்ததைக் கேட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை, அது உண்மை. வருத்தம் ஏழாவது படத்தில்தான். “மணப்பெண், பள்ளி ஆண்டு விழாவில், நடனக் கோலத்தில்” என்ற வரிக்கு மேலே கடல்நீர் புகுந்து பூஞ்சை பிடித்த துவரம்பருப்பு மூட்டைகளும், அவற்றைக் குச்சியால் சுட்டிக்காட்டும் ஆய்வாளரும் தோன்றியதைத் தாங்கள் கண்டீர்கள். அதே கணினியில் ஒரு கப்பல் வழக்கின் படத்துக்கும் சான்று 7 என்றே பெயர் இருக்கிறது என்பதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். தங்கள் மைத்துனர் என் குமாஸ்தாவை ஓரமாக அழைத்து, அந்தப் பருப்பு இன்னும் கைவசம் இருக்கிறதா என்று விசாரித்தாராம். இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அடுத்து ஒலி. என் அலுவலகக் கணினிக்கு ஸ்பீக்கர் கிடையாது. சத்தம் போடும் கணினி கட்சிக்காரர்களிடையே மதிப்பைக் குறைக்கும் என்பது என் கருத்து. எனவே ஒலிகளை அவற்றின் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன், கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நாதசுவரத்தை முதல் ஸ்லைடில் வைத்தால் கடைசிவரை போகும் என்று நம்பினேன். அது முதல் ஸ்லைடோடு நின்றுவிட்டது. தங்கள் குடும்பப் படம் வரும்போது மரியாதைக்காகக் கைதட்டல் ஒலியைச் சேர்த்து, பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானையும் அழுத்தினேன். அந்தப் பொத்தான் ‘எல்லாவற்றுக்கும்’ என்பது. சட்டத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்ற சொல்லைப் பார்த்தால் நான் மூன்று முறை படிப்பவன். அன்று ஒரு முறைகூடப் படிக்கவில்லை. அதன் விளைவாக, மாலை போட்ட என் அய்யாவின் படம், “தோற்றம், மறைவு” என்ற எழுத்துகளோடு வந்ததும் பலத்த கரகோஷம் எழுந்தது. என் அக்கா சண்முகத்தாய் மேடையோரம் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பட்டுச்சேலையோடு என் சட்டையைப் பிடித்து, “ஏலே வேலு, எங்க அய்யா செத்ததுக்குக் கைதட்டுதியாலே? நீ உருப்படுவியாலே?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் அம்மாவின் படம் வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். இதுவரை எழுதியது முன்னுரை என்று கொள்ளலாம்.

தாங்கள் குடும்பத்தோடு பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, என் கைப்பேசியை ஷோகேஸில் இருக்கும் சங்குப் பொம்மைமேல் சாய்த்து வைத்து, நடந்ததை முழுவதும் பதிவு செய்தேன். தங்கள் முன்னனுமதி பெறாதது பிழை. ஆனால் உள்நோக்கம் ஏதுமில்லை. உமா காப்பித் தட்டோடு வருவதும், மாப்பிள்ளை டம்ளரை எடுக்க மறந்து அவளையே பார்ப்பதும், தாங்கள் “எடுலே, ஆறிப்போகும்” என்பதும் அதில் உண்டு. அதை ஸ்லைடில் வைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உமா வந்து பார்த்துவிட்டு, “அப்பா, அந்தக் காப்பி வார எடத்தை மட்டும் கட் பண்ணிப் போடுங்கப்பா. முன்னாடியும் பின்னாடியும் வேண்டாம்” என்றாள். நான் சொன்னேன்: “உமா, வெட்டுன பதிவுக்கு மதிப்பு கிடையாது. முழுசா இருந்தாத்தான் சாட்சி.” அவள் சொன்னாள்: “இது கல்யாணம்ப்பா, கேஸ் இல்ல.” நான் கேட்கவில்லை. கேட்காததோடு நிற்காமல், மின்னணுப் பதிவுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழையும் தயாரித்து, “மேற்படி கணினி உரிய முறையில் இயங்கி வந்தது, பதிவில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை” என்று கையொப்பமிட்டு முதல் ஸ்லைடாகவே வைத்தேன்.

நான் அந்தப் பதிவைச் சரிபார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தாங்கள் விடைபெற்று எழுந்து போகும்வரை பார்த்தேன். அதன்பின் திரையில் தாங்கள் அமர்ந்திருந்த நாற்காலி மட்டும் காலியாகத் தெரிந்தது. நாற்காலியால் என்ன கெடுதல் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஸ்பீக்கர் இல்லாத கணினியில் காலி நாற்காலி மிகவும் அமைதியாக இருந்தது.

இதில் விதி எனக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தது. நிச்சயத்துக்கு முந்தின நாள் பென்டிரைவில் ஏற்றி மண்டபத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது, வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டிதான் வந்தது. “வீடியோ அங்கன ஆபீஸ் கம்ப்யூட்டர்லேயே தங்கிட்டு சார். இங்கன அதோட விலாசம் மட்டுந்தான் வந்திருக்கு” என்றார் தங்கதுரை. அப்படியே விட்டிருந்தால் இன்று இக்கடிதத்துக்கு அவசியமே இல்லை. ஆனால் முன்னெச்சரிக்கை என் தொழில். நிச்சயத்தன்று காலை அலுவலகக் கணினியையே கழற்றி, போர்வையில் சுற்றி, ஆட்டோவில் என் மடியில் வைத்துக்கொண்டு, துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தேன். ஒலிக்காகத் தங்கதுரை வாங்கிவந்த ஸ்பீக்கர் பெட்டியையும் மேடையோரம் வைத்தோம். எல்லாம் கச்சிதமாக வேலை செய்தது. அதுதான் துயரம்.

காப்பிக் காட்சி வந்தது, மண்டபம் சிரித்தது, மாப்பிள்ளை தலைகுனிந்தார். என் வாழ்க்கையில் நான் வாதாடி ஜெயித்ததுபோல் உணர்ந்த கணம் அது. பிறகு நாற்காலி வந்தது. நாற்காலியோடு குரலும் வந்தது.

அக்கா: “ஏளா முருகேஸ்வரி, அந்த மனுசன் முந்திரிக்கொத்தை முழுங்குன முழுங்கைப் பாத்தியா? சுகர் இருக்கு, சுகர் இருக்குன்னு சொல்லிக்கிட்டே, அந்த அம்மா சாமி ரூமுக்குப் போற நேரம் பாத்து வாயில போடுதாரு. தட்டையும் சேத்துத் தின்னுருவாரோன்னு பயந்தே போனேன்.”

என் மனைவி: “மெல்லப் பேசுங்க மைனி. கார் இன்னும் தெரு தாண்டல.”

அக்கா: “மாப்பிள்ளைப் பய லட்சணமாத்தான் இருக்கான். வாயத்தான் தொறக்க மாட்டேங்கான். பேச்சு வருமா, விசாரிச்சீகளா?”

இதுவரை பேசியவர்கள் பெண்கள், வீட்டுக்குள் பேசியது என்று தள்ளிவிடலாம். அடுத்து வந்தது என் குரல். அதை மறுக்க எனக்கு வழியில்லை, சான்றிதழும் நானே கொடுத்திருக்கிறேன். “பையனை விடுங்க. சம்பந்தியைத்தான் விசாரிக்கணும். கருப்பட்டியில சீனி கலக்குற ஆளுக ஊருக்குள்ள எத்தனையோ பேரு. இவரு எப்படியோ!”

அண்ணாச்சி, இந்த வாசகத்தை நான் ஐந்து நாளாக ஆராய்ந்து வருகிறேன். ‘எத்தனையோ பேரு’ என்பது பொதுக் கூற்று, அதில் தாங்கள் அடங்கவில்லை. ‘இவரு எப்படியோ’ என்பது குற்றச்சாட்டன்று, அறியாமையின் வெளிப்பாடு. ஒருவர் எப்படி என்று தெரியாது என்று சொல்வது அவதூறாகாது என எந்த நீதிமன்றத்திலும் வாதாடுவேன். ஆனால் தாங்கள் நீதிமன்றம் இல்லை. தங்களுடையது தலைமுறை தலைமுறையாகக் கலப்படமில்லாத கருப்பட்டி என்று பெயர் வாங்கிய கடை. அந்தப் பெயரைத் தங்கள் சொந்தபந்தம் நிறைந்த மண்டபத்தில், தட்டு மாற்றிய கையோடு, ஸ்பீக்கர் வைத்துச் சந்தேகித்தவன் நான். தாங்கள் அந்த நேரத்தில் எழுந்து பின்பக்கமாக நடந்து போனதைப் பார்த்தேன். தங்கதுரை எந்தெந்தப் பொத்தானையோ அழுத்தினார். வீடியோ திரை முழுக்கப் பெரிதாயிற்று. நான்தான் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

அப்போது பிடுங்கியதே என் கடைசிப் பிழை. ஓர் ஆவணத்தை முழுமையாகப் படிக்காமல் பொருள்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்தப் பதிவு அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்து, தங்கதுரையின் ஸ்பீக்கரை மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு மீதியைக் கேட்டேன். அக்கா போகிறாள், முருகேஸ்வரி அடுக்களைக்குப் போகிறாள், நான் மட்டும் அந்த நாற்காலிக்கு எதிரே இருந்திருக்கிறேன். தங்களிடம் நேரில் சொல்ல நினைத்துச் சொல்ல வராததை நாற்காலியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாதத்துக்கு முன் இப்படிச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். பதிவில் உள்ளதை உள்ளபடி தருகிறேன்:

“சம்பந்தி அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். எம் மகளுக்குக் கோவம் வந்தா சண்ட போட மாட்டா. கதவைச் சாத்திக்கிடுவா. அந்த நேரத்துல யாரும் சமாதானம் பேசப் போகக் கூடாது. ஒரு தட்டுல நம்ம ஊரு பேக்கரி மக்ரூன் நாலு வச்சு, கதவுக்கு வெளிய வச்சிட்டு, சத்தங் காட்டாம வந்திரணும். கொஞ்ச நேரங் கழிச்சுப் பாத்தா தட்டு காலியாக் கெடக்கும். அதுக்குப் பெறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து, அப்பா, டீ போடவான்னு கேப்பா. சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான். அவ அம்மைக்குக்கூட இது பிடிபடல, எனக்குத்தான் தெரியும். இனி... இனி நீங்கதான் வைக்கணும்.”

அதன்பின் என் கை வந்து கைப்பேசியை எடுக்கிறது.

இதைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும். முன்பாதியைக் கேட்ட தங்களுக்கு இந்தப் பின்பாதியையும் கேட்கும் உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உமா என்னோடு பேசவில்லை. கதவுக்கு வெளியே தினமும் தட்டு வைக்கிறேன். தினமும் தட்டு அப்படியே இருக்கிறது. எறும்பு வந்ததுதான் மிச்சம். இப்படி முன்பு நடந்ததில்லை.

ஆகவே அண்ணாச்சி, என் வார்த்தைக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தங்கள் கடை வாசலில், தாங்கள் கூட்டுகிற ஆட்கள் முன்னிலையில், தங்கள் கருப்பட்டி சுத்தமானது என்று சொல்லவும், விரும்பினால் எழுதிக் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். மாப்பிள்ளை வாய் திறக்காததும் எனக்கு நிறைவே. இந்த வீட்டில் பேசுகிறவர்கள் போதும். அச்சகத்துக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. தங்கள் கடையும் குடியும் குறைவின்றித் தழைக்கட்டும்.

தங்கள் மன்னிப்பை நாடும்,
ச. செந்தூர்வேல், பி.ஏ., பி.எல்.
(ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் இடப்பட்டுள்ளது.)

பின்குறிப்பு: மேலே கையொப்பமிட்டு, மை உலர மேசைமேல் வைத்துவிட்டு, தட்டை மாற்றப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது உமா இக்கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, “அப்பா, அவங்க யாருக்கும் எதுவுமே கேக்கலப்பா” என்றாள்.

தங்கதுரை வைத்த ஸ்பீக்கர் மேடையோரம் நின்ற எங்கள் வீட்டாருக்கு மட்டுமே கேட்டதாம். மண்டபத்து ஒலிபெருக்கிகளோடு அதை இணைக்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டர் இரைச்சலில் தங்கள் பக்கத்தார் பார்த்ததெல்லாம் நீண்ட நேரம் காட்டப்பட்ட ஒரு காலி நாற்காலி. “எங்க அப்பா உக்காந்த நாற்காலிய இவ்வளவு மரியாதையாக் காட்டுறாங்களேன்னு எங்க அம்மைக்குக் கண்ணு கலங்கிட்டு” என்று மாப்பிள்ளை அன்று சாயங்காலமே உமாவுக்குப் போன் செய்து சொன்னாராம். தாங்கள் எழுந்து பின்பக்கம் போனது பந்தியில் முந்திரிக்கொத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அன்றே கிளம்பியதும் போனை எடுக்காததும் குலதெய்வக் கோயில் கொடை விழா வேலைகளுக்காக. “எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன். “கட் பண்ணுங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா?” என்றாள். பிறகு தன் அறைப் பக்கம் போய்விட்டு வந்து, “டீ போடவாப்பா?” என்றாள். போய்ப் பார்த்தேன், வெளியே தட்டு காலி.

ஆகவே இக்கடிதத்தை அனுப்ப வேண்டிய அவசியம் சட்டப்படி அற்றுப்போயிற்று. கிழித்துவிடலாம் என்கிறாள் முருகேஸ்வரி. வேண்டாத பக்கங்களை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார் தங்கதுரை. கையொப்பமான ஆவணத்தில் ஒரு வரியையும் எடுக்க என் மனம் ஒப்பவில்லை. முழுமையாகவே, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மக்ரூன் பற்றிய பகுதி நீங்கலாக மற்றவை அனைத்தும் படிக்கப்படாதவையாகக் கருதப்படுமாறு வேண்டிக்கொள்கிறேன். இதைச் சம்பந்தி அம்மாளிடம் காட்டாமலிருப்பது, அதில் முந்திரிக்கொத்து விவரம் இருப்பதால், தங்கள் நலனுக்கும் உகந்தது. அச்சகத்துக்கு ஓட்டிவிடச் சொல்லிவிட்டேன். மக்ரூன் வாங்கும் கடையின் விலாசம் மறுபக்கத்தில் இருக்கிறது. முந்திரிப் பருப்பு கூடுதலாகப் போட்டதுதான் அவளுக்குப் பிடிக்கும்.